கடைசி வரியில் ஒரு கட்டடம்

ஈய எழுத்தைக் கோக்கும் கம்போசிங் வேலையைக் கற்றுக்கொள்ள வந்தவர் கையில் முதலில் யாரும் வரி கோக்கும் ஸ்டிக்கைக் கொடுக்க மாட்டார்கள். அச்சடித்து முடிந்த, எழுத்துகள் பூட்டிய பாரத்தை மண்ணெண்ணெயில் கழுவி எடுத்து வந்து முன்னால் வைத்து, "கலைச்சுப் போடு" என்பார்கள். நாலைந்து வரிகளைச் சிதறாமல் இடக்கையில் அணைத்துக்கொண்டு, தலைகீழாக நிற்கும் எழுத்தைப் படித்தபடியே, வலக்கையால் ஒவ்வொன்றாக அதனதன் அறையில் விழச் செய்ய வேண்டும். எந்த எழுத்து எந்த அறையில் என்பது இப்படித்தான் விரலில் ஏறும். இந்த அறைகள் உள்ள தட்டுதான் கேஸ். தமிழ் கேஸ் ஆங்கில கேஸ் மாதிரி சின்னது இல்லை. கு தனி, கூ தனி, டு தனி, டூ தனி. கொம்புக்கு ஓர் அறை, துணைக்காலுக்கு ஓர் அறை, புள்ளி வைத்த மெய்களுக்குத் தனித்தனி அறைகள். தப்பான அறையில் விழுந்த எழுத்து அங்கேயே சும்மா கிடக்காது. அடுத்த வாரம் யாருடைய கல்யாணப் பத்திரிகையிலாவது மாப்பிள்ளை பெயரின் நடுவில் வந்து நிற்கும்.

நான் கற்றுக்கொண்டது அம்பத்தூரில், 1980களின் தொடக்கத்தில். ரயில் நிலையத்திலிருந்து உள்ளே தள்ளி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. ஒரு டிரெடில் மெஷின், ஒரு கட்டிங் மெஷின், சுவரை ஒட்டி கேஸ் ஸ்டாண்டுகள். பத்தாம் வகுப்பு முடித்த பெண்கள் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போவார்கள், இல்லையென்றால் தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலைக்குப் போவார்கள். எங்கள் தெருவில் இரண்டு பேர் மட்டும் பிரஸ்ஸுக்குப் போனோம். தொழிற்பேட்டை அப்போது சுறுசுறுப்பாக இருந்த காலம். டி.ஐ. சைக்கிள், டன்லப் மாதிரி பெரிய ஆலைகளைச் சுற்றி நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள். அவர்கள் எல்லோருக்கும் பில் புக், டெலிவரி சலான், கேட் பாஸ், வவுச்சர் வேண்டும். ஆவடிப் பக்கத்திலிருந்து கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கைகள் வரும். டிசம்பர் வந்தால் பூந்தமல்லி வரைக்கும் உள்ள சபைகளின் பண்டிகை நோட்டீஸ்கள். இலக்கியம் என்று சொல்லத்தக்க எதையும் நாங்கள் அச்சடித்ததாக நினைவில்லை.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரை எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிட்டோம். வேப்பேரியில் சபை அச்சகத்தில் பையனாகச் சேர்ந்து, கம்போசிங், பேஜ் கட்டுதல், புரூஃப் பார்த்தல் என்று எல்லாம் செய்து ஓய்வுபெற்றவர். அம்பத்தூரில் ஒரு மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் எங்கள் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, மேல் பாக்கெட்டில் ஒரு சின்ன இடுக்கி, ஒரு ஊசி. அவர் கோபப்பட்டுப் பார்த்ததில்லை. ஆனால் ஸ்டிக்கை வாங்கி, கட்டைவிரலால் வரியை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தால், வரி தளர்ந்திருக்கிறது, மறுபடி கட்டு என்று அர்த்தம்.

ஸ்டிக் பிடிக்க அனுமதி கிடைத்ததும் அவர் என்னைக் கோக்கச் சொன்ன முதல் வரி, பில் புத்தகத்தின் அடியில் வரும் அச்சகத்தின் பெயரும் ஊரும். பொடி எழுத்து, ஆறு பாயிண்ட். வாடிக்கையாளர் யாரும் அதைப் பார்ப்பதில்லை. "இதை ஏன் சார் முதல்ல கோக்கணும்?" என்று கேட்டேன். "மத்ததெல்லாம் அவங்க விருப்பம். இது சட்டம்மா" என்றார்.

அது விளையாட்டுப் பேச்சு இல்லை. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டப்படி, இந்தியாவில் அச்சாகும் எந்தப் புத்தகமும் தாளும் அச்சிட்டவர் பெயரையும் அச்சிட்ட இடத்தையும் தெளிவாகத் தாங்கியிருக்க வேண்டியிருந்தது. அச்சு இயந்திரம் வைத்திருப்பவர், தன் இயந்திரம் இன்ன இடத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. இடம் மாறினால் மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. வெள்ளைக்கார அரசு எவன் என்ன எழுதுகிறான் என்று கண்காணிக்கக் கொண்டுவந்த ஏற்பாடு இது. ஆனால் நூறு வருஷம் கழித்து அதன் பலன் வேறுவிதமாக வந்தது. ஓர் அச்சகம் எந்தத் தெருவில், எந்தப் பெயரில், யார் கையில் இருந்தது என்பது அது அச்சடித்த ஒவ்வொரு புத்தகத்தின் மூலையிலும் பதிவாகிக் கிடக்கிறது. கட்டடத்தை இடித்தால்கூட அந்த வரியை இடிக்க முடியாது.

வாத்தியாரிடம் ஒரு நீளவாக்கு நோட்டு இருந்தது. வேப்பேரியில் இருந்த காலத்தில் மறுபதிப்புக்கும் பைண்டிங்குக்கும் வந்த பழைய புத்தகங்களின் முகப்புப் பக்கத்தில் உள்ள அச்சக வரியை அதில் எழுதி வைத்திருந்தார். நூலாசிரியர் பெயர் சில இடங்களில் இல்லை, ஆனால் அச்சக வரியும் ஆண்டும் ஓரிடத்திலும் விடுபடவில்லை. ஒரு சபை அச்சகக் கட்டடத்தின் கதையை நான் படித்தது அந்த நோட்டில்தான். மதிய உணவு நேரத்தில், கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகு மட்டும் தொட அனுமதி உண்டு. ஈயம் கையில் இருந்தால் சோறும் தொடக்கூடாது, நோட்டும் தொடக்கூடாது.

கதை வேப்பேரியில் தொடங்கவில்லை. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவுக்கு, கிறிஸ்தவ அறிவைப் பரப்பும் இங்கிலாந்தின் எஸ்.பி.சி.கே. சங்கம் அனுப்பிய ஒரு அச்சு இயந்திரம் 1712இல் வந்து சேர்ந்தது. அதோடு புறப்பட்ட அச்சர் வழியிலேயே இறந்துபோனார். மறு ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன. வந்த எழுத்துகள் மிகப் பெரியவை. அந்த அளவில் அடித்தால் புதிய ஏற்பாட்டுக்குக் கையில் உள்ள காகிதம் போதாது என்று தெரிந்துபோனது. அதனால் உள்ளூரிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி பொதிந்து வந்த ஈய உறைகளை உருக்கினார்கள். நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் வெளிவந்தன, முழுப் புதிய ஏற்பாடு 1715இல். காகிதத்துக்காகப் பொறையாரில் ஒரு காகித ஆலையே வைத்துப் பார்த்தார்கள்.

இதை வாத்தியார் எனக்குச் சொன்னது வரலாற்றுப் பாடமாக அல்ல. நான் ஒரு சபை நோட்டீஸை பதினாலு பாயிண்டில் கோத்துவிட்டு, ஒரு பக்கத்துக்குள் அடங்கவில்லை என்று நின்றபோது சொன்னார். எழுத்தின் அளவுதான் காகிதச் செலவு, காகிதச் செலவுதான் புத்தகத்தின் விலை. அச்சகத்தில் எல்லாக் கணக்கும் அந்த இடத்தில் ஆரம்பிக்கிறது. பன்னிரண்டு பாயிண்டுக்கு மாற்றிக் கோத்தேன். அடங்கியது.

வேப்பேரிக்கு அச்சு வந்தது போரால். அதற்கு முந்திய கதையும் கொஞ்சம் வேண்டும். அர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் வேப்பேரியில் ஒரு சிற்றாலயம் வைத்திருந்தார். சைதாப்பேட்டையில் அடையாறு மேல் மர்மலாங் பாலம் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். பரங்கிமலைக்குப் படிக்கட்டு அமைத்தவரும் அவரே. 1751இல் இறந்தார். உடல் வேப்பேரியில், இதயம் மட்டும் அவர் விருப்பப்படி பாரசீகத்தின் ஜுல்பாவுக்குப் போனது. பிரெஞ்சுக்காரர்கள் 1746 முதல் 1749 வரை சென்னையைக் கையில் வைத்திருந்தபோது கறுப்பர் நகரத்தில் இருந்த மிஷன் இடம் பாழானது. ஆங்கிலேயர் திரும்பி வந்தபின் வேப்பேரி ஆலயமும் வளாகமும் மிஷனுக்குக் கொடுக்கப்பட்டன. அங்கே மிஷனரியாக இருந்தவர் யோகான் பிலிப் பப்ரிசியுஸ். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை சென்னையை முற்றுகையிட வந்தபோது வேப்பேரி கொள்ளை போனது. பப்ரிசியுஸ் பழவேற்காட்டுக்கு ஓடினார்.

மூன்றாண்டுகளில் நிலைமை திரும்பியது. 1761 ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டின் படை புதுச்சேரியைப் பிடித்தது. அங்கே பிரெஞ்சு அரசாங்கம் வைத்திருந்த அச்சு இயந்திரமும் எழுத்துகளும் சென்னைக்கு வந்தன. கோட்டையில் இருந்தவர்களுக்கு அதை ஓட்டத் தெரியாது. வேப்பேரியில் இருந்த பப்ரிசியுஸிடம் கொடுத்தார்கள், அரசாங்கம் கேட்கும்போதெல்லாம் அரசாங்க வேலையைச் செய்து தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. எந்தப் படை வேப்பேரியைக் கொள்ளையடித்ததோ அந்தப் படையின் அரசாங்கம் வைத்திருந்த அச்சு, வேப்பேரிக்கே வந்து சேர்ந்தது. சபைக்கும் அரசுக்கும் ஒரே இயந்திரம். ஜெபப் புத்தகத்துக்கும் கும்பினி உத்தரவுக்கும் ஒரே ஈயம்.

பப்ரிசியுஸ் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1772இல் வேப்பேரியில் அச்சானது. அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி 1779இல். அகராதிக்காரருக்குக் கணக்கு வரவில்லை. நம்பிக் கொடுத்தவர்களின் பணத்தைக் கடனாக மற்றவர்களுக்குக் கொடுத்து, அது திரும்பாமல், வயதான காலத்தில் கடன்காரர் சிறைக்குப் போனார். 1791இல் இறந்தார். அவருடைய அகராதி மட்டும் நடந்துகொண்டே இருந்தது. பிற்காலத்தில் திருத்தி விரித்த பதிப்புகள் தரங்கம்பாடியின் சுவிசேஷ லுத்தரன் மிஷன் பதிப்பகத்திலிருந்து வந்தன. 1972இல்கூட ஒரு பதிப்பு உண்டு. வேப்பேரியில் பிறந்த புத்தகம் தரங்கம்பாடி முகவரியில் வாழ்ந்தது.

எங்கள் கொட்டகைக்குள் ஒரு நாள் புது மெஷின் ஒன்று இறங்கியது. புது என்றால் எங்களுக்குப் புது, வேறு எங்கோ ஓடிக் களைத்தது. இறக்கி வைத்த இடத்தில் தரை விரிசல் விட்டுவிட்டது. அப்போது வாத்தியார் கட்டடத்தைப் பற்றி விரிவாகப் பேசினார். அச்சகத்துக்குக் கட்டடம் பார்ப்பது வீட்டுக்குப் பார்ப்பது மாதிரி இல்லை. ஈயம் கனமானது. கட்டி வைத்த பக்கங்கள் அடுக்கில் ஏறினால் ஒரு சின்ன அறையிலேயே டன் கணக்கில் எடை நிற்கும். ஆகவே மெஷினும் நின்ற பக்கங்களும் தரைத்தளத்தில்தான் இருக்க வேண்டும். கம்போசிங் செய்கிறவர்களுக்கு வெயில் நேராக விழக்கூடாது, எழுத்தின் முகம் மின்னி ஏமாற்றும். வடக்குப் பார்த்த உயரமான சன்னல்கள் நல்லது. காகிதத்தைத் தரையில் வைத்தால் கரையான், சுவரில் சாய்த்தால் ஓதம். எழுத்து வார்க்கும் அடுப்பு மரக் கூரைக்குப் பக்கத்தில் வரவே கூடாது. பாரம் பூட்டுவதற்கு ஆட்டம் இல்லாத சமமான கல் மேசை வேண்டும், அந்த மேசை நிற்கும் தரையும் ஆடக்கூடாது. பழைய மிஷன் வளாகங்களில் தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் வெயிலுக்காகக் கட்டப்பட்டவை, ஆனால் அச்சகத்துக்கும் அவை பொருந்திப்போயின என்பது அவருடைய கருத்து. எனக்கும் அது சரியாகவே படுகிறது. இப்போது ஏ.சி. அறையில் கணினி முன்னால் உட்காரும் பிள்ளைகளுக்குக் கட்டடம் ஒரு தொழிற்கருவியாக இருந்தது என்று சொன்னால் புரிவதில்லை.

அவர் ஒரு சனிக்கிழமை என்னையும் இன்னொரு பெண்ணையும் வேப்பேரிக்கு அழைத்துப் போனார். அம்பத்தூரிலிருந்து ரயிலில் சென்ட்ரல். பார்க் டவுனில் முதலில் காட்டியது மெமோரியல் ஹால். 1857 கலகம் சென்னையைத் தொடாமல் போனதற்கு நன்றி சொல்ல வெள்ளைக்காரர்கள் கட்டிய மண்டபம். அதே ஊர்ப்பகுதியில்தான் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம், நாங்கள் சி.எல்.எஸ். என்போம். அதன் வேரும் அந்தக் கலகத்தை ஒட்டித்தான், 1858இல். ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் மர்டாக் அதற்காக ஊர் ஊராக அலைந்து பள்ளிப் புத்தகங்களும் மலிவுப் பதிப்புகளும் போட்டார். 1865இல் அதுவரை அச்சான தமிழ் நூல்களையெல்லாம் வகைப்படுத்தி ஒரு பட்டியல் வெளியிட்டார். எங்கள் வாத்தியார் நோட்டில் செய்ததை மர்டாக் முழுமையாகச் செய்துவிட்டார் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். வாத்தியாருக்கு அது தெரிந்தே இருந்திருக்க வேண்டும்.

பிறகு ரிப்பன் மாளிகையைத் தாண்டிப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நடை. அந்தச் சாலைதான் எங்கள் பக்கத்துப் பூந்தமல்லியையும் வேப்பேரியையும் பார்க் டவுனையும் ஒரே கோட்டில் கோப்பது. வேப்பேரி சர்ச் சாலையில் திரும்பினால் புனித மத்தியா ஆலயம், உஸ்கான் விட்டுச் சென்ற இடம். ஆலயம் பின்னால் புதிதாகக் கட்டப்பட்டது. நான் பப்ரிசியுஸின் அச்சு நின்ற அறையைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். கேட்டும் விட்டேன். வாத்தியார் சிரித்தார். "அறை எத்தனை தடவை மாறிச்சோ. கட்டடத்தைத் தேடாதேம்மா, அட்ரஸைத் தேடு" என்றார்.

அவருடைய நோட்டைத் திறந்தால் அது சரிதான். 1779இல் வேப்பேரி. மிஷனரி ராட்லரின் அகராதி 1834இலிருந்து 1841 வரை பகுதி பகுதியாக வந்தது, அச்சக வரி வேப்பேரி மிஷன் பிரஸ். ராட்லர் செடி கொடிகளைச் சேகரித்துப் பெயர் பெற்றவர், 1836இல் இறந்தார். மீதியை மற்றவர்கள் முடித்தார்கள். 1866க்குப் பிறகு எஸ்.பி.சி.கே. பிரஸ், வேப்பேரி. இருபதாம் நூற்றாண்டில் டயோசீசன் பிரஸ், வேப்பேரி. பெயர்ப்பலகையை எழுதியவர்கள் மாறினார்கள், ஊர்ப்பெயர் மாறவில்லை.

நடுவில் ஒரு வரி மட்டும் வேறு. அமெரிக்கன் மிஷன் பிரஸ், பி.ஆர். ஹண்ட். அமெரிக்க மிஷன்காரர்கள் 1838இல் சென்னையில் ஓர் அச்சகத்தை வாங்கினார்கள். அதை நடத்த வந்தவர் பீனியாஸ் ஹண்ட் என்ற அச்சர். போதகர் அல்ல, தொழில்காரர். அதனாலேயே எங்கள் வாத்தியாருக்கு அவர்மேல் தனிப்பிரியம். தமிழ் எழுத்தைச் சின்னதாகவும் தெளிவாகவும் வெட்டச் செய்தவர் அவர். சுழியும் வளைவும் நிறைந்த எழுத்தைச் சின்னதாக்கினால் உள்ளே இருக்கும் வெள்ளை அடைந்து மை கட்டிவிடும். ணகரத்தை எடுத்துப் பாருங்கள். மூன்று சுழி, அதற்குள் மை புகாமல் வெட்ட வேண்டும். அந்த எழுத்தில்தான் 1862இல் அமெரிக்க மிஷனரி வின்ஸ்லோவின் தமிழ்–ஆங்கிலப் பேரகராதி வந்தது. 67,000க்கும் மேற்பட்ட சொற்கள். யாழ்ப்பாணத்தில் மிஷனரி ஜோசப் நைட் தொடங்கி வைத்த வேலை, சென்னையில் முடிந்தது. 1866இல் அமெரிக்கர்கள் அச்சகத்தை எஸ்.பி.சி.கே.க்கு விற்றார்கள். ஹண்ட் சீனாவுக்குப் போய் பீக்கிங்கில் அச்சுவேலை பார்த்தார்.

அகராதி கோப்பது என்றால் என்ன என்று எனக்குக் காட்ட, வாத்தியார் அரைப் பக்கம் கோக்கச் சொன்னார். தலைச்சொல் தமிழில் தடித்த எழுத்து. அடுத்து ஆங்கிலத்தில் சாய்வெழுத்துச் சுருக்கம். பிறகு நேரெழுத்தில் பொருள். நடுவில் மறுபடி தமிழ். ஒரே வரிக்கு மூன்று நான்கு கேஸ்களிடையே ஓட வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் உடல் அளவு வேறானால் மெல்லிய லெட்டுத் தகடு வைத்துச் சமன் செய்ய வேண்டும், இல்லையென்றால் வரி தளரும், பாரத்தைத் தூக்கும்போது நடுவில் கொட்டும். அரைப் பக்கத்துக்கே எனக்கு இடுப்பு விட்டது. வின்ஸ்லோ ஆயிரம் பக்கத்தை நெருங்கும். அதைக் கோத்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. முகப்பில் ஹண்ட் இருக்கிறார், அச்சக வரியில் அவர் பெயர்தான் வரும். அவருக்குக் கீழே கேஸ் முன்னால் நின்றவர்கள் தமிழர்கள், அவர்களைப் பற்றி அச்சக வரிக்குக் கவலை இல்லை. இந்த ஒரு விஷயத்தில் வாத்தியார் நோட்டின்மேல் எனக்குக் குறை உண்டு. அவருடைய சக தொழிலாளிகள் பெயரையாவது அதில் எழுதி வைத்திருக்கலாம்.

மிஷன் அச்சகங்களைப் பற்றிப் பேசும்போது சமயப் பரப்புக்காக வந்த இயந்திரம்தானே என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஆம், அதற்காகத்தான் வந்தது. ஆனால் தொழில் யார் கையில் தங்கியது என்று பார்க்க வேண்டும். 1835இல் கவர்னர் ஜெனரல் மெட்காஃப் காலத்துச் சட்டத்துக்குப் பிறகு இந்தியர்கள் தாராளமாக அச்சகம் வைக்க முடிந்தது. மிஷனரிகளோடு மொழிபெயர்ப்பு வேலை பார்த்த ஆறுமுக நாவலர், 1849இல் சென்னையில் அச்சு இயந்திரம் வாங்கி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைக்குக் கொண்டுபோய், மிஷனரிகளுக்கே பதில் சொல்லி அச்சடித்தார். ஈயத்துக்கு மதம் கிடையாது என்று வாத்தியார் அடிக்கடி சொல்வார். ஞாயிறு தவறாமல் ஆலயம் போகிறவர் சொன்னது இது.

வேப்பேரி இன்னொரு காரணத்துக்காகவும் எங்கள் கேஸுக்குள் வந்தது. பெரியார் திடல் இருப்பதும் வேப்பேரியில்தான், சபை அச்சகத்திலிருந்து நடந்து போகிற தூரம். பெரியார் 1935இல் குடிஅரசில் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தை எம்.ஜி.ஆர். அரசு 1978 அக்டோபரில் ஏற்று ஆணையிட்டது. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகாரங்கள், பிறகு ணை, லை, ளை, னை. மொத்தம் பதின்மூன்று எழுத்துகள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம் குறைந்த சேதி. எங்களுக்கு அறைகள் காலியான சேதி. தும்பிக்கை தூக்கிய பழைய லை, னை எழுத்துகள் கேஸில் அப்படியே கிடந்தன. புது முறையில் ஐகாரக் கொம்பு கூடுதலாக வேண்டும், அது போதிய அளவு இல்லை, ஒரு பக்கம் கோத்தால் தீர்ந்துவிடும். பழைய விவிலியத்தில் படித்துப் பழகிய பெரியவர்கள் சபை நோட்டீஸுக்குப் பழைய எழுத்தே வேண்டும் என்பார்கள். தொழிற்சங்கத்துக்காரர்கள் புது எழுத்து இல்லையென்றால் திருப்பிவிடுவார்கள். இரண்டு வேலையும் ஒரே நாளில் வரும். வாத்தியார் இரண்டுக்கும் தனித்தனி கேஸ் பிரித்து வைத்து, "ரெண்டு பேரும் வேப்பேரிக்காரங்கதான், நாம எதுக்குச் சண்டைக்குப் போகணும்" என்றார். பெரியாரின் சீர்திருத்தம் கம்போசிட்டரின் கையை மிச்சப்படுத்தியது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். பழைய னை அழகு என்றும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

முடிவு வேகமாக வந்தது. தொழிற்பேட்டைக்குள்ளேயே ஆஃப்செட் மெஷின்கள் வந்தன. பிறகு கணினியில் பக்கம் கட்டும் டி.டி.பி. வந்தது. கலர் அட்டைக்கும் நாலு நாள் வேலை ஒரு நாளில் முடிவதற்கும் முன்னால் எங்கள் டிரெடில் எத்தனை நாள் தாங்கும். எழுத்துகளைக் கிலோ கணக்கில் பழைய ஈயமாக எடைபோட்டு வாங்கிப்போனார்கள். கேஸ் அறைகளை ஸ்க்ரூ, நட்டு வைக்க என்று பட்டறைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், அந்த வேலைக்கு அவை மிகப் பொருத்தம். நான் கணினி கற்றுக்கொண்டு பக்க வடிவமைப்புக்குப் போனேன். வரி தளர்ந்திருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்று கண் முதலில் பார்ப்பது அப்போது விரலில் ஏறிய பழக்கம்தான். வாத்தியார் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. நோட்டு அவருடைய குடும்பத்தில் இருக்கிறது.

இப்போது நான் பார்க்கும் தமிழ்ப் புத்தகங்களில் பாதிக்குமேல் அச்சக வரி அரைகுறையாக இருக்கிறது. பதிப்பகத்தின் பெயர் பெரிதாக இருக்கும். அட்டை வடிவமைத்தவர், மெய்ப்புப் பார்த்தவர் எல்லாம் இருப்பார்கள். எங்கே அச்சானது என்று பார்த்தால் 'சென்னை' என்று முடிந்துவிடும், சிலவற்றில் அதுவும் இல்லை. ஒருகாலத்தில் இதற்குச் சட்டம் தடுப்பாக இருந்தது. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2023ஆம் ஆண்டின் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அது பத்திரிகைகளுக்கு மட்டும். புத்தகங்கள் அதன் வரம்பில் இல்லை. அச்சக உரிமையாளர்கள் மாஜிஸ்திரேட்டிடம் ஓடும் தொல்லை ஒழிந்தது நல்லதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நூற்றைம்பது வருஷம் தானாகச் சேர்ந்துகொண்டிருந்த ஒரு பதிவு அதோடு நின்றுபோகிறது.

எனவே புத்தகம் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாரும் கட்டாயப்படுத்தாவிட்டாலும் அச்சகத்தின் பெயர், தெரு, ஊர், ஆண்டு நான்கையும் போடுங்கள். ஆறு பாயிண்டில் போட்டால் போதும், அரை வரிதான் பிடிக்கும். நூற்றாண்டு மலர் கொண்டுவரும் சபைகளுக்கும் இதைச் சொல்கிறேன். ஆலய அலமாரியில் கிடக்கும் பழைய பாட்டுப் புத்தகங்களையும் ஜெபப் புத்தகங்களையும் காகிதக்காரருக்குப் போடுவதற்கு முன்னால், முகப்பையும் கடைசிப் பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் கீழ்ப்பாக்கத்தில் குருகுல் இறையியல் கல்லூரியும் இருக்கின்றன. ஒரு தடவை கேட்டுவிட்டு அப்புறம் போடுங்கள்.